முட்டி வலிக்கு ஒரு நல்ல இடம்

என் வலது முட்டியில் வலி எந்த நாளில் ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. அதை முதலில் கவனித்தவள் என்னோடு வேலை பார்க்கும் அவள்தான். கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் வலது காலையே முன்னால் நீட்டி வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் இறங்குவதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னாமே, கால இஸ்துக்கினு வரே?"

"மரத்துப் போச்சிக்கா."

"மரத்துப் போனா ஒரு நாள் இருக்கும். நீ ஒரு வாரமா இப்டித்தான் எறங்கறே."

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பெயிண்ட் டப்பா செய்கிற கம்பெனியில் எங்களுக்கு வேலை. மெஷினிலிருந்து சூடாக வந்து விழும் இருபது லிட்டர் டப்பாவை எடுத்து, அதன் காதில் கம்பிக் கைப்பிடியை மாட்டி, ஒன்றுக்குள் ஒன்றாகப் பத்து அடுக்கி, குனிந்து கீழே பலகையில் வைக்க வேண்டும். உட்கார்ந்தும் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் உட்கார்ந்தால் கை வேகம் குறைந்துவிடும் என்று ஸ்டூல் கொடுக்கமாட்டார்கள். சிமெண்டுத் தரையில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். என் அம்மா அடுத்தவர் கழனியில் நடவு நட்டவள். நான் கம்பெனிக்குப் போகிறேன் என்றதும், "நெழல்ல வேலை, உனுக்கு இன்னா கொறச்சல்" என்று சந்தோஷப்பட்டாள்.

அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பதினொரு வருடமாக எனக்கு எதிரே, அதே மேசையில் நின்றாள். வேனில் எனக்கு இடம் பிடித்து வைப்பாள். என் மகளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்து, "நீ போய் குளிச்சிட்டு ஒரு வாய் துன்னுட்டு வா" என்று என்னை அனுப்பிவிட்டு என் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தவள். முட்டி வலி அதிகமானபோது நான் அடுக்கிய டப்பாக்களையும் சேர்த்து அவளே குனிந்து வைத்தாள். சூப்பர்வைசர் வரும்போது மட்டும் நான் குனிவேன். அவர் போனதும், "தள்ளு, தள்ளு" என்று வந்துவிடுவாள். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நான் சொல்லப் போவது நியாயமாக இருக்காது.

ஒரு வருடம் மருந்துக்கடை மாத்திரையிலேயே ஓடியது. தைலம் தேய்த்தேன். முட்டிக்கு உறை வாங்கிப் போட்டேன். புடவைக்குள் வியர்த்து அரித்தது. காண்ட்ராக்டர் மாறியதில் என் இ.எஸ்.ஐ. அட்டை புது ஆளிடம் மாறாமலே கிடந்தது. கேட்டால், "அடுத்த மாசம் ஆயிடும்மா" என்பார்கள். கடைசியில் என் வீட்டுக்காரர், வள்ளூர் பவர் பிளாண்டில் சாம்பல் அள்ளும் பிரிவில் காண்ட்ராக்ட் வேலை பார்ப்பவர், ஒரு நாள் லீவு போட்டுவிட்டு என்னைச் செங்குன்றம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். எக்ஸ்ரே எடுத்தார்கள். "தேய்மானம்" என்றார் டாக்டர். வெயிட் குறைக்க வேண்டும், நிற்கிற வேலையை விட வேண்டும், போகப் போக ஆபரேஷன் தேவைப்படலாம் என்றார். ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்று வெளியே மேசையில் இருந்த பெண் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் இதைச் சொன்னேன்.

"கவர்மெண்டு ஆஸ்பத்திரி?" என்று கேட்டாள்.

"அங்க போனா நாள் பூரா நிக்கணும்க்கா. நிக்க முடியாமதானே போறோம்."

அவள் சிரித்தாள். சோற்றை ஒருமுறை பிசைந்து, பிசைந்ததைச் சாப்பிடாமல் அப்படியே வைத்திருந்தாள். அது இப்போது ஞாபகம் வருகிறது. அப்போது பெரிதாகத் தோன்றவில்லை. பிறகு சொன்னாள்.

"முட்டி வலிக்கு ஒரு நல்ல எடம் கீது. நான் அங்கதான் மருந்து வாங்கி சாப்படறேன். என்னப் பாரு, நானும் உன்ன மாதிரிதானே நிக்கறேன். எனுக்கு இன்னா கேடு?"

உண்மைதான். போன வருடம் வரை அவளும் நொண்டியவள்தான். இப்போது வேன் படியில் பட்டென்று ஏறுகிறாள்.

அடுத்த ஞாயிறு நான் சர்ச்சில் சபை முடிந்து வந்ததும் கூட்டிப் போனாள். கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு செல்போன் கடைக்கு மேலே மாடியில் அந்த இடம். முட்டி வலிக்காரர்கள் ஏறுவதற்குப் பதினாலு செங்குத்தான படி. படியிலேயே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஏற ஒருவர் ஒதுங்க வேண்டும். மேலே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் இருந்தார். ஆந்திராப் பக்கத்து ஆள். தெலுங்கு வாடையோடு பேசினார். என் முட்டியை இரண்டு கையாலும் பிடித்து மடக்கி நீட்டினார். உள்ளே கரகரவென்று சத்தம் கேட்டது.

"எண்ண வத்திப் போச்சும்மா உள்ள. ஆபரேசன் எதுக்கு? மூணு மாசம் சாப்புடு. நீயே ஓடுவே."

பழுப்பு நிறத் தூள், சின்னச் சின்னக் காகிதப் பொட்டலமாக. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, வெந்நீரில். பெயர் எதுவும் அச்சடித்திருக்கவில்லை. "இன்னா மருந்துங்க இது?" என்று கேட்டேன். "மூலிகை" என்றார். நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தைரியமா சாப்டு" என்றாள். "நான் சாப்படலியா?"

நாலாவது நாள் காலையில் எழுந்தபோது வலி இல்லை. நம்ப முடியாமல் படுக்கையிலேயே காலை மடக்கிப் பார்த்தேன். பிறகு நின்று, நடந்து, வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தேன். வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டே பார்த்தார். "இன்னாமே டேன்ஸ் ஆடறே?" என்றார். அந்த வாரம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் மேம்பாலத்தில் ஏறி இறங்கினேன். அந்தப் பக்கம் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஏற முடிகிறதா என்று பார்க்கத்தான் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை சபையில், "முழங்கால்படியிட்டு ஜெபிப்போம்" என்று போதகர் ஐயர் சொன்னபோது, ஒரு வருடமாக நாற்காலியில் உட்கார்ந்து தலையை மட்டும் குனிந்துகொண்டிருந்த நான் தரையில் முழங்கால் போட்டேன். ஜெபத்தில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. அழுதுகொண்டே இருந்தேன். ஜெபம் முடிந்ததும் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். ஆண்டவர் எனக்கு ஒரு சிநேகிதியைக் கொடுத்தார், அவள் மூலமாக என் காலைக் கொடுத்தார் என்று சொன்னேன். அவள் யார் என்று சொல்லவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

எனக்கு முன்வரிசையில் உட்காரும் அம்மா ஒருத்தர் உண்டு. அறுபதுக்குப் பக்கம் வயது. எங்கள் கம்பெனியிலேயே பெருக்கும் வேலை. புருஷன் இல்லை, பிள்ளைகளும் பக்கத்தில் இல்லை. ஒரு நாள் உட்கார்ந்தால் அடுத்த நாள் சாப்பாடு இல்லை என்கிற நிலை. அன்று சபை முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னையும் அந்த எடத்துக்கு இட்டுக்கினு போம்மா."

நானே கூட்டிப் போனேன். பதினாலு படியிலும் அவர் இடுப்பைப் பிடித்து ஏற்றினேன்.

இரண்டாவது மாதத்தில் என் முகம் மாறியது. கன்னம் உப்பியது. ரவிக்கை கைக்கு ஏறவில்லை. பசி அடங்கவே இல்லை. சாப்பிட்டு எழுந்ததும் மறுபடி அடுப்பங்கரைக்குப் போவேன். "பொண்ணு பாக்க வந்தப்போ இப்டி இருந்தே" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவளிடம், "மூஞ்சி வீங்கின மாதிரி கீதுல்லக்கா?" என்று கேட்டேன். ஒரு நொடி என்னை உற்றுப் பார்த்தாள். உடனே டப்பாவை எடுக்கத் திரும்பிக்கொண்டாள்.

"வலி போனா சதை புடிக்கும். நல்லதுதானே" என்றாள்.

மூன்றாவது மாத நடுவில் போனபோது மாடிக் கதவு பூட்டியிருந்தது. டாக்டர் ஊருக்குப் போயிருக்கிறார், இரண்டு வாரம் ஆகும் என்று கீழே செல்போன் கடைக்காரர் சொன்னார். என்னிடம் இருந்த பொட்டலங்கள் இரண்டு நாளில் தீர்ந்தன. எப்போதோ கைப்பைக்குள் விழுந்த ஒன்று மட்டும் எனக்குத் தெரியாமல் கிடந்தது. அதற்குப் பிறகு நாலாவது நாள் காலையிலிருந்தே உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. வாந்தி வருகிற மாதிரியும் வராத மாதிரியும் இருந்தது. பத்து மணிக்கு டப்பாவை அடுக்கிக் குனிந்தவள் நிமிரவில்லை. கண் விழித்தபோது கேண்டீன் பெஞ்சில் கிடந்தேன். அவள்தான் என் தலையை மடியில் வைத்திருந்தாள். என் உதட்டில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். என் மேல் உள்ள பாசம் என்று நினைத்தேன்.

வீட்டுக்காரர் வந்து பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. என் முகத்தைப் பார்த்தார், கழுத்துக்குப் பின்னால் திரண்டிருந்த சதையைத் தொட்டுப் பார்த்தார்.

"பொட்டலம் ஏதாவது சாப்பிடறீங்களா? முட்டி வலிக்கு?"

நான் பயந்துபோய், "இல்ல மேடம்" என்றேன்.

வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். என் கைப்பையைத் துழாவி அந்த ஒற்றைப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "இந்த மாதிரி இந்தப் பக்கம் நிறைய பேர் வர்றாங்கம்மா" என்றார். இதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று நினைக்கிறேன், அதனால்தான் வலி தெரியவில்லை, முட்டி கொஞ்சமும் குணமாகவில்லை, உள்ளே தேய்ந்துகொண்டேதான் இருந்திருக்கிறது என்றார். திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, அதனால்தான் விழுந்திருக்கிறேன். இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. எனக்கு முன்பு சர்க்கரை கிடையாது. நாலு நாள் அங்கேயே படுக்க வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டிய மாத்திரையை எழுதித் தந்து, ஒவ்வொரு வாரமும் வரச் சொன்னார்கள். வலி திரும்ப வந்தது, முன்பைவிட இரண்டு பங்காக.

அப்போதும் எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. அவளும் இதைத்தானே சாப்பிடுகிறாள், அவளுக்கும் ஆபத்து என்றுதான் பதறினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே போன் செய்தேன்.

"அக்கா, அந்தத் தூள உடனே நிறுத்திராத. கொஞ்சங்கொஞ்சமாதான் நிறுத்தணுமாம். டாக்டராண்ட வந்து காட்டு."

"சரிமே" என்றாள். "நீ ஒடம்பப் பாத்துக்கோ."

பெருக்கும் அம்மாவுக்கும் போன் செய்தேன். அவர் நம்பவில்லை. "எனுக்கு நல்லாத்தாம்மா கீது" என்றார்.

ஒரு மாதம் கழித்து, முட்டிக்கு என்று திருவள்ளூரில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். பெரியபாளையம் வழியாகப் பஸ். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் காலையில் போய்விட்டு மதியத்துக்குள் திரும்பிவிடலாம். நான் நினைத்த மாதிரி நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கவில்லை. சீட்டு வாங்க வரிசை இருந்தது, பெஞ்சும் இருந்தது. எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி செய்தால் தொடைச் சதை பலமாகி முட்டியைத் தாங்கும் என்று சொல்லிப் பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்.

நீளமான அறை. பச்சைத் திரை போட்டுத் தடுத்த கட்டில்கள். பிசியோதெரபி செய்கிற தம்பி என் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "புது ஆளா? இருங்க" என்று சொல்லி அடுத்த கட்டில் திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அக்கா, நீங்க ஒரு வருசமா வர்றீங்க, நம்ம சீனியர். இவங்களுக்கு அந்தத் துண்டுப் பயிற்சியக் கொஞ்சம் செஞ்சி காட்டுங்க. நான் அந்தத் தாத்தாவப் பாத்துட்டு வந்துடறேன்."

திரையை இழுத்தார். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள் அவள்.

எழுந்திருக்கவில்லை. நானும் நகரவில்லை. அந்தத் தம்பி போய்விட்டார். அவள் பக்கத்திலிருந்த துண்டை எடுத்துச் சுருட்டித் தன் முட்டிக்கு அடியில் வைத்தாள். முட்டியால் அதைக் கீழே அழுத்தினாள். தொடைச் சதை இறுகுவது புடவைக்கு மேலேயே தெரிந்தது. வாய்க்குள் பத்து வரை எண்ணிவிட்டுத் தளர்த்தினாள். மறுபடி அழுத்தினாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஐந்து முறை செய்துவிட்டு, அந்தத் துண்டை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

ஒரு வருடம் என்றால், என்னை அந்த மாடிக்குக் கூட்டிப் போவதற்கும் எட்டு மாதம் முன்னால். கட்டிலில் படுத்து அழுத்தி அழுத்தி எண்ணும்போது அந்தக் கணக்குதான் மனதில் ஓடியது.

வெளியே வந்தேன். பஸ் நிறுத்தத்தில் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எனக்காகத்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் நிற்க இரண்டு பேராலுமே முடியாதே.

"நீ அந்தத் தூள் சாப்படவே இல்லியா?" என்று கேட்டேன்.

"சாப்ட்டேன். மொத ரெண்டு மாசம். மூஞ்சி வீங்கிச்சி. பயந்துக்கினு நிறுத்திட்டேன். அப்பறம் எங்க தெருவுல ஒருத்தரு சொல்லி இங்க வந்தேன்."

"இம்மாந்தூரம் எதுக்கு? பக்கத்துல ஆஸ்பத்திரி இல்லியா?"

"அங்க கம்பெனி ஆளுங்க வருவாங்க."

"தெரிஞ்சிதான் என்ன இட்டுக்கினு போனியா?"

சாலையைப் பார்த்தாள். ஒரு லாரி போகும்வரை காத்திருந்தாள்.

"தெரிஞ்சிதான்."

"காசு குடுத்தானா?"

"காசு இல்லமே." திரும்பி என்னைப் பார்த்தாள். "பொன்னேரில இன்னொரு எடம் தொறக்கறேன்னான். டோக்கன் குடுக்க ஆள் வேணும், ஆளுங்கள இட்டுக்கினு வா, அந்த நாற்காலி உனுக்குத்தான்னு சொன்னான். உக்காந்து பாக்கற வேலமே. காலைலேர்ந்து சாயந்தரம் வரிக்கும் உக்காந்து."

உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை, எனக்கும் வேண்டியதில்லை. அது தெரிந்ததால் என் கோபம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். இன்னும் கூடியது. அந்த ஆசையை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதானே பதினொரு வருடம் பேசினோம்.

"நாற்காலி குடுத்தானா?"

"ஒரு சின்னப் பொண்ண வச்சிக்கினான்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்க்கா. நான் விழறதுக்கு முந்தி. மூஞ்சி வீங்கிச்சின்னு நான் கேட்டேனே, அன்னிக்காவது."

"நீ அவ்ளோ சந்தோசமா இருந்தே. கோயில்ல எழுந்து சொல்லிட்டு வந்தேன்னு சொன்னே. அதுக்கப்பறம் எப்டி சொல்றது?" என்றாள். பிறகு மெதுவாக, "நீதானே சொன்னே, கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்கெல்லாம் போவ முடியாதுன்னு" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பஸ் வந்தது. அவள் ஏறிவிட்டு எனக்காகப் பக்கத்து சீட்டில் பையை வைத்தாள். நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் காத்திருந்து, அன்று ஷிப்டுக்கு லேட்டாகப் போய்த் திட்டு வாங்கினேன்.

அந்த ஞாயிறு சபையில் மறுபடி எழுந்து நின்றேன். நான் முன்பு சொன்ன சாட்சி தவறு, அந்த மருந்து விஷம், யாரும் அங்கே போகாதீர்கள் என்று சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. என்னை அங்கே கூட்டிப் போனவளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவளைக் காப்பாற்ற அல்ல. பதினொரு வருடம் என் சோற்றில் கை வைத்துச் சாப்பிட்டவள் எனக்கு இதைச் செய்தாள் என்று சொல்ல எனக்கே அவமானமாக இருந்தது.

வெளியே செருப்புப் போடும் இடத்தில் பெருக்கும் அம்மா என்னை நிறுத்தினார். அவர் முகமும் என் முகம் மாதிரியே உருண்டிருந்தது.

"அவன் உனுக்கு இன்னா குடுத்தான்?"

"எனுக்கு ஒண்ணும் குடுக்கலம்மா. நானே ஏமாந்தேன். சத்தியமா."

"அப்பறம் ஏன் என்ன இட்டுக்கினு போனே?"

"நல்லாவும்னுதாம்மா. வாங்க, திருவள்ளூர்ல ஆஸ்பத்திரி கீது. நானே இட்டுக்கினு போறேன். காசே கெடையாது. பயிற்சி சொல்லித் தராங்க."

"நீ காட்ற எடத்துக்கு இனிமே நான் வர மாட்டேன்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து சபையில் வேறு பக்கம் போய் உட்கார்ந்தார்.

அந்த மாடி கொஞ்ச நாளில் காலியானது. பலகையைக் கழற்றிவிட்டார்கள். மேலிடத்துக்கு எழுதி அனுப்புவதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார், அதன் பலனா, அவனே வேறு ஊருக்குப் போய்விட்டானா என்று தெரியாது. கம்பெனியில் நான் திருவள்ளூர் டாக்டர் சீட்டைக் காட்டி மூன்று தடவை மனிதவள அறை வாசலில் நின்றேன். கடைசியில் ஸ்டிக்கர் ஒட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே ஸ்டூல் உண்டு. ஓவர்டைம் கிடையாது. பழைய மேசையில் அவளுக்கு எதிரே வேறு ஒருத்தி நிற்கிறாள். வேனில் நான் டிரைவருக்குப் பின்னால் உட்கார ஆரம்பித்தேன். முதல் வாரம் அவள் எனக்குப் பக்கத்து இடத்தைக் காலியாகவே வைத்திருந்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

மூன்று மாதம் போனது. இரண்டாம் ஷிப்ட் வாரம் ஒன்றில் திருவள்ளூர் போயிருந்தேன். பிசியோதெரபி அறைக்குள் நுழைந்தபோது எண்ணுகிற சத்தம் கேட்டது. ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் பெருக்கும் அம்மா காலை நீட்டிப் படுத்திருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் அவள் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். "ஏழு... எட்டு... உட்றாத, உட்றாதம்மா... ஒம்போது..."

பெருக்கும் அம்மா என்னைப் பார்த்துவிட்டார். முகத்தில் வீக்கம் வடிந்திருந்தது.

"பாத்தியா?" என்று சத்தமாகச் சொன்னார், அறையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "இவ கம்பெனில நான் தடுமாறறத பாத்து, அவளே வந்து கேட்டு, அவளே இட்டுக்கினு வந்தா. பஸ்ஸுக்குக்கூட அவதான் குடுக்கறா. இதான் நல்ல எடம் காட்டறது. நீயும் காட்டனியே ஒரு எடம்!"

அவள் எண்ணுவதை நிறுத்தியிருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தால் ஒரே வாக்கியம் போதும் என்று அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை மாதம் எனக்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம் அது.

பெருக்கும் அம்மாவின் கால் இன்னும் துண்டின் மேல் இருந்தது. அந்தக் கால் நாளைக்கும் இங்கே வர வேண்டும், அடுத்த வாரமும் வர வேண்டும். நான் காட்டிய இடத்துக்கு வரமாட்டேன் என்றவர். இவள் காட்டிய இடத்தையும் நம்ப முடியாது என்றாகிவிட்டால் வீட்டிலேயே கிடந்துவிடுவார்.

"பத்து சொல்லல" என்றேன் அவளைப் பார்த்து. "எண்ணு."

"பத்து" என்றாள்.

நான் அடுத்த கட்டிலுக்குப் போய்த் திரையை இழுத்துக்கொண்டேன்.

வெளியே வரும்போது அவள் பின்னாலேயே ஓடி வந்தாள். ஓடித்தான் வந்தாள், அவள் முட்டி அவ்வளவு நன்றாகிவிட்டது.

"நீ சொல்லியிருக்கலாம். சொல்லுவேன்னு நெனச்சேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"சொன்னா அந்தம்மா நாளைக்கு வருவாங்களா?"

அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உனுக்காக சும்மா இருக்கலக்கா" என்றேன். அக்கா என்கிற வார்த்தை பழக்கத்தில் வந்துவிட்டது. அதற்காக என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

இப்போது என்னால் நடக்க முடிகிறது. மேம்பாலத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறுவேன். தரையில் முழங்கால் போட முடியாது, இனிமேலும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சர்க்கரைக்கு மாத்திரை தொடர்கிறது. பெருக்கும் அம்மா இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எங்கே பார்த்தாலும் அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்கிறார். கேட்கிறவர்கள் தலையாட்டுகிறார்கள். நான் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன்.